பழைய ஆயில் என்ஜின் வாங்குமுன் ஹெட்டைக் கழற்றிப் பாருங்கள்



மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். சுழி பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம். ஆனால் பழைய ஆயில் என்ஜின் வாங்கப் போனால் மட்டும், ஓடுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். இந்தத் தவறை நானே ஒருமுறை செய்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கடைமடைப் பகுதியில் நான் வேலை பார்த்தபோது, ஒரு விவசாயி வந்து, "சார், 5 எச்.பி. என்ஜின் ஒண்ணு விலைக்கு வருது. நீங்க ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்க" என்று கூப்பிட்டார். நாங்கள் போய்ச் சேரும்போதே என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பம்பு மாட்டாமல் வெறுமனே ஓடியது. சத்தம் சீராக இருந்தது. "வாங்கலாம்" என்றேன். நகையை அடகு வைத்து வாங்கினார். நெல் பூக்கிற நேரத்தில் வாய்க்கால் வறண்டது. அன்று காலை எத்தனை சுற்றுச் சுற்றியும் என்ஜின் கிளம்பவில்லை. ஹெட்டைக் கழற்றினால், எக்ஸாஸ்ட் வால்வின் ஓரம் தீய்ந்து நகக்கண் அளவு பிய்ந்து கிடந்தது. வேறு ஹெட்டு வந்து மாட்ட ஒன்பது நாள் ஆயிற்று. அதற்குள் வயலில் பாதி பதராகிவிட்டது. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. அதனால்தான் இன்று இதைப் பற்றிப் பேசுகிறேன்.

வால்வு என்ன வேலை செய்கிறது?

ஹெட்டில் இரண்டு வால்வுகள் உண்டு. ஒன்று காற்றை உள்ளே விடுவது, இன்லெட். மற்றது புகையை வெளியே விடுவது, எக்ஸாஸ்ட். டீசல் என்ஜினில் பிளக் கிடையாது. உள்ளே வந்த காற்றை பிஸ்டன் நெருக்கி அழுத்தும்போது அது 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. அழுத்துகிற நேரத்தில் வால்வு வழியே காற்று கசிந்தால் சூடு ஏறாது. டீசல் பற்றாது. காலை வேளையில் என்ஜின் கிளம்ப மறுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் என்ஜினில் ஒவ்வொரு வால்வும் 750 முறை திறந்து மூடுகிறது. ஒரு மணி நேரத்தில் 45,000 முறை! எக்ஸாஸ்ட் வால்வு நெருப்புக் காற்றிலேயே நிற்கிறது. மூடும்போது சீட்டில் நன்றாகப் பதிந்து உட்கார்ந்தால்தான் அதன் சூடு ஹெட்டுக்குள் இறங்கும். டாப்பெட் இடைவெளி குறைந்துபோனாலோ, சீட்டில் கரி படிந்தாலோ, முழுதாக மூடாது. சந்து வழியே நெருப்பு சீறும். ஓரம் தீயும். தீயத் தீயச் சந்து பெரிதாகும்.

கழற்றுவதற்கு முன்

முதலில் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் பேச்சை நிறுத்திவிட்டு, "நாளைக் காலையில் வருகிறோம், நாங்கள் வரும்வரை ஓட்டாதீர்கள்" என்று சொல்லி வந்துவிடுங்கள். சூடான என்ஜின் தன் குறையை மறைக்கும். குளிர்ந்த என்ஜின் உண்மையைச் சொல்லும்.

மறுநாள், டீசல் போகாதபடி லிவரை நிறுத்து நிலையில் வைத்துவிட்டு, கம்ப்ரஷன் இருக்கும்படி ஃப்ளைவீலை மெதுவாகக் கையால் திருப்புங்கள். நல்ல என்ஜின் ஓரிடத்தில் கெட்டியாக எதிர்த்து நின்று, பந்துபோல் பின்னுக்குத் தள்ளும். கசிகிற என்ஜின் புஸ்ஸென்று இளகி வழிவிடும். அந்த நேரம் ஒருவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஏர் கிளீனர் பக்கம் காற்றுச் சத்தம் வந்தால் இன்லெட் வால்வு கசிகிறது. சைலன்சர் பக்கம் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்மானம். கூலிங் தண்ணீரில் குமிழி வந்தால் கேஸ்கெட் போயிருக்கும், அல்லது ஹெட்டு விரிசல் விட்டிருக்கும்.

பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். ஹேண்டில் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். பின்னடி அடித்தால் கட்டைவிரல் ஒடியாது. பம்பை மாட்டித் தண்ணீர் இறைத்தே பாருங்கள். நான் பார்க்கத் தவறியது இதைத்தான்.

கழற்றிய பிறகு

என்ஜின் ஆறிய நிலையில், ஹெட்டு நட்டுகளைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். மெக்கானிக் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். புதுக் கேஸ்கெட் செலவும் அவர் கூலியும் உங்களுடையது என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நியாயமான ஆள் மறுக்க மாட்டார்.

வால்வுகள் மாட்டியபடியே ஹெட்டைச் சாய்த்து, காற்று வரும் துவாரத்திலும் புகை போகும் துவாரத்திலும் தனித்தனியே கொஞ்சம் டீசல் ஊற்றுங்கள். இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். வால்வின் விளிம்பைச் சுற்றி ஈரம் கசிந்தால் அது சீட்டில் சரியாக உட்காரவில்லை.

அடுத்து வால்வுகளை எடுத்துப் பாருங்கள். இரண்டையும் இடம் மாற்றாமல் அடையாளம் வைக்கவும். சீட்டில் படும் முகத்தில் சிறு சிறு குழிகள் மட்டும் இருந்தால் தேய்த்துச் சரிசெய்யலாம். ஓரம் கத்திபோல் மெலிந்திருந்தாலோ, தீய்ந்து பிய்ந்திருந்தாலோ, விரிசல் இருந்தாலோ மாற்றியே ஆக வேண்டும். அந்த வால்வின் தலை ஒடிந்து விழுந்தால் பிஸ்டனையும் உடைத்துவிடும். வால்வுத் தண்டைக் கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பாருங்கள். தத்தித் தத்தி உருண்டால் வளைந்திருக்கிறது. பழைய கைடுக்குள் விட்டுப் பக்கவாட்டில் ஆட்டினால், அதிகம் ஆடக் கூடாது. ஆடினால் ஆயில் உள்ளே இறங்கும், நீலப் புகை வரும்.

கடைசியாக ஹெட்டு. இரண்டு வால்வு சீட்டுகளுக்கு நடுவே உள்ள மெல்லிய பாலத்தையும், நாசில் துவாரத்துக்கும் சீட்டுக்கும் இடையிலுள்ள பகுதியையும் கரி போகத் துடையுங்கள். டீசலைத் தடவி, துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே நின்ற டீசல் ஊறி, பொடியில் கோடாகத் தெரியும். அப்படிப்பட்ட ஹெட்டைப் பழைய இரும்பு விலைக்குத்தான் எண்ண வேண்டும். சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதாலும், உப்புத் தண்ணீர் ஓட்டி உள்ளே உப்புப் படிய விடுவதாலும் விரிசல் வருவதுண்டு.

சீட்டு ஏற்கெனவே பலமுறை கடையப்பட்டு, வால்வு ஹெட்டு மட்டத்திலிருந்து மிகவும் ஆழமாக இறங்கியிருந்தாலும் கம்ப்ரஷன் குறையும். எவ்வளவு இறங்கலாம் என்பதைக் கம்பெனிக் கையேட்டைப் பார்த்து மெக்கானிக்கிடம் அளக்கச் சொல்லுங்கள். கார், டிராக்டர் என்ஜின் வாங்குவோருக்கும் இந்தச் சோதனைகள் பொருந்தும்.

எதை வாங்கலாம்?

கரி படிந்திருக்கிறது, சிறு குழிகள் இருக்கின்றன என்றால் பயப்பட வேண்டாம். வால்வு தேய்க்கும் பேஸ்ட் போட்டுத் தேய்த்தால், முகத்தைச் சுற்றி ஒரே அகலத்தில் சாம்பல் நிற வளையம் விழும். அது அறுபடாமல் இருந்தால் வேலை சரி. தேய்த்தபின் பேஸ்டைத் துளியும் விடாமல் கழுவ வேண்டும். மிச்சம் இருந்தால் சிலிண்டரை அரித்துவிடும். வால்வு, கைடு மாற்ற வேண்டுமானால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். ஹெட்டு விரிசல் என்றால் வேறு ஹெட்டின் விலையைக் கழியுங்கள். இல்லையேல் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள். கழற்றவே கூடாது என்கிறவரிடம் வாங்கவே வேண்டாம்.

ஹெட்டைக் கழற்றி மாட்ட அரை நாள் போதும். பூத்த பயிர் தண்ணீருக்காக ஒன்பது நாள் காத்திருக்காது. அடுத்த முறை நீங்கள் என்ஜின் பார்க்கப் போகும்போது, மெக்கானிக்கோடு ஒரு பாட்டில் டீசலும் ஒரு சாக்பீஸும் கொண்டு போங்கள்.