உங்களுக்குத் தெரியுமா? – காஞ்சிப் பட்டிழையும் தடய அறிவியலும்

🔹 ராமானுஜர் பிறந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். அந்த ஸ்ரீபெரும்புதூரில்தான் 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். தமிழகத் தடய அறிவியல் துறை சந்தித்த மிகப் பெரிய சவால் அது.

🔹 அப்போது துறையின் இயக்குநராக இருந்தவர் டாக்டர் பக்கிரிசாமி சந்திரசேகரன். குண்டு எங்கே இருந்தது என்பதில் ஆளுக்கொரு ஊகம் உலவியது. அவர் சிதறிய உடல்களையும் துணித் துண்டுகளையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். ஒரு பெண்ணின் முகம் அடையாளம் தெரியும்படி இருந்தது. உடலின் நடுப்பகுதியையோ காணவில்லை. கிழிந்த பெல்ட் துண்டு, பேட்டரி, சுவிட்ச் எல்லாம் சேர்ந்து ஒரே முடிவைக் கூறின: குண்டு அந்தப் பெண்ணின் உடலிலேயே கட்டப்பட்டிருந்தது. இந்த ஆய்வை அவர் நூலாகவும் எழுதினார். 2000-ல் அவருக்குப் பத்ம பூஷண் விருது கிடைத்தது.

🔹 அன்று படமெடுத்த புகைப்படக்காரரும் குண்டுவெடிப்பில் இறந்துபோனார். ஆனால் அவருடைய கேமரா தப்பியது. அதிலிருந்த ஃபிலிமைக் கழுவியபோது 10 படங்கள் கிடைத்தன. கையில் சந்தன மாலையோடு நின்ற அந்தப் பெண் அவற்றில் பதிவாகியிருந்தாள். புலனாய்வு அந்தப் படங்களைப் பிடித்துக்கொண்டுதான் முன்னேறியது.

🔹 குற்ற வழக்குகளுக்கான ரசாயனப் பரிசோதனைக் கூடம் இந்தியாவில் முதலில் அமைந்தது நம் சென்னையில்தான். ஆண்டு 1849. கல்கத்தா, ஆக்ரா, பம்பாய் எல்லாம் அதற்குப் பின்புதான். அன்றைய தலையாய வேலை, இறந்தவர் உடலில் விஷம் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது. நம் வேலியோரத்து அரளியும் ஊமத்தையும்கூட ஆளைக் கொல்லும் விஷங்களே.

🔹 பிரேதப் பரிசோதனையின்போது இரைப்பை, கல்லீரல் போன்ற உறுப்புகளின் பகுதிகளை எடுத்து, பெரும்பாலும் செறிந்த உப்புக் கரைசலில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். கூடவே வெறும் உப்புக் கரைசல் மட்டும் உள்ள ஒரு பாட்டிலும் போகும். விஷம் தென்பட்டால், அது கரைசலிலிருந்து வந்ததல்ல என்று நிரூபிக்க வேண்டுமல்லவா? ஒரு மனிதரின் விடுதலையும் தண்டனையும் அந்த இரண்டாவது பாட்டிலைப் பொறுத்தும் அமையலாம்.

🔹 1952 ஆகஸ்டில் ராமேசுவரம் நோக்கிச் சென்ற போட் மெயில் ரயிலில் துர்நாற்றம் வீசியது. மானாமதுரையில் ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே தலையில்லாத உடல். தலை கிடைத்ததோ சென்னை ராயபுரம் கடற்கரையில். இரண்டும் ஒருவருடையவைதான் என்று சென்னை மருத்துவக் கல்லூரியின் தடயவியல் மருத்துவர்கள் உறுதி செய்தார்கள். கொல்லப்பட்டவரின் பெயரால் தமிழ்நாடே பேசிய ஆளவந்தார் கொலை வழக்கு அது.

🔹 உலகின் முதல் கைரேகைப் பிரிவு லண்டனில் தொடங்கவில்லை. 1897-ல் கல்கத்தாவில் தொடங்கியது. ரேகைகளை வகைபிரிக்கும் முறைக்கு ஆங்கிலேய அதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரே நிலைத்தது. அதற்கு அடித்தளம் போட்டவர்கள் அஸிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய அதிகாரிகள். அவர்களையும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

🔹 பட்டு நெசவாளி ஓர் இழையைத் தொட்டே தரம் சொல்லிவிடுவார். ஆய்வகமும் இழையைத்தான் பார்க்கிறது, நுண்ணோக்கி வழியாக. பசை நீக்கிய பட்டிழையின் குறுக்குவெட்டு ஏறக்குறைய முக்கோணமாக இருக்கும். பருத்தி இழை தட்டையாக முறுக்கிக்கொண்டிருக்கும். கம்பளி இழையில் செதில்கள் தெரியும். எரித்தால் பட்டு முடி கருகும் வாசனை தரும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியாகும். குற்றம் நடந்த இடத்தில் சிக்கிய ஒற்றை இழை எந்த வகைத் துணியைச் சேர்ந்தது என்று சொல்ல இவை உதவும்.

🔹 காஞ்சிபுரத்தில் சரிகையின் தரம் பார்க்கும் எக்ஸ் கதிர்க் கருவி, சேலையைக் கிழிக்காமலே வெள்ளி, தங்கம், செம்பின் அளவைச் சொல்லிவிடும். இதே தொழில்நுட்பம் தடய ஆய்வகங்களிலும் பயன்படுகிறது. சான்றுப் பொருள் சேதமாகாமல் மறுபரிசோதனைக்கும் மிஞ்சும் என்பதே இதன் பெரும் பலன்.

🔹 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176-வது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை தரக்கூடிய குற்றங்களில் தடய நிபுணர் நேரில் வந்து சான்றுகளைச் சேகரிக்க வேண்டும். அதை வீடியோவும் எடுக்க வேண்டும். இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு வரை அவகாசம் உண்டு.

🔹 அப்படியானால் நிபுணர்கள் நிறையத் தேவை. வேதியியல், இயற்பியல், உயிரியல் படித்தவர்களுக்கு இங்கே வழி இருக்கிறது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தேர்வின் மூலம் இளநிலை அறிவியல் அலுவலராகச் சேரலாம். சென்னை மயிலாப்பூர், காமராசர் சாலையில் துறையின் தலைமையகம் உள்ளது. பொறுமையும், கண்டதை மட்டுமே எழுதும் நேர்மையும் உள்ளவர்களுக்கு ஏற்ற வேலை இது.

🔹 எவ்வளவு பெரிய நிபுணரானாலும், தம்மிடம் வந்து சேர்ந்ததைத்தான் ஆராய முடியும். அதனால் திருட்டோ விபத்தோ கொலையோ நடந்த இடத்தைக் கழுவிவிடாதீர்கள். கிடக்கும் பொருளை எடுத்து வைக்காதீர்கள். கூட்டம் கூடி மிதிக்காதீர்கள். உயிருக்குப் போராடுபவர் இருந்தால் முதலில் அவரைக் காப்பாற்றுங்கள். மற்றதையெல்லாம் இருந்தபடியே விட்டுவிட்டுக் காவல்துறைக்குச் சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவருக்கு நீதி கிடைக்கவும், நிரபராதி மாட்டிக்கொள்ளாமல் இருக்கவும் நம்மால் ஆகக்கூடிய முதல் உதவி அதுதான்.