ஒற்றைத் தலைவலியும் அதன் ஆராவும்: அறிகுறிகளைச் சொல்லால் அறிதல்

மொழியியலை வாழ்நாள் பணியாகக் கொண்ட நாம் ஒரு நோயைப் பற்றிப் பேச முன்வந்தது சிலருக்கு வியப்பளிக்கலாம். மருந்து சொல்வது நமது வேலையன்று. அது மருத்துவருக்கு உரியது. ஆயினும், நோயுற்றவர் தம்முள் நிகழ்வதைச் சொல்லும் சொல்லைக் கொண்டே மருத்துவர் அறிய வேண்டிய நோய்கள் சில உள்ளன. ஒற்றைத் தலைவலி அவற்றுள் ஒன்று. இதனை உறுதிப்படுத்தும் குருதிச் சோதனை இல்லை. வழக்கமான மூளைப் படம் எடுத்தாலும் பெரும்பாலும் குறையேதும் தென்படாது. என்ன தோன்றியது, எது முன்னர், எது பின்னர், எவ்வளவு நேரம் என்னும் வினாக்களுக்குக் கிடைக்கும் விடைகளே நோயறிதலுக்கு அடிப்படை. எனவே இது சொல்லோடு பின்னிய பொருள். ஆசிரியரும் மாணவரும் அறிந்திருக்க வேண்டிய பொருளும் ஆகும்.

நாம் இதனைக் கற்றது ஒரு பிழையின் வழியாக. பல்லாண்டுகளுக்கு முன் தேர்வு மண்டபம் ஒன்றில் மேற்பார்வை செய்துகொண்டிருந்தோம். மாணவி ஒருவர் கையை உயர்த்தி, "ஐயா, எழுத்தெல்லாம் பாதிதான் தெரியுது, ஓரத்துல மின்னுது" என்றார். "படிக்காமல் வந்தால் முழு எழுத்தும் மறைந்துபோகும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தோம். அருகில் இருந்தோர் சிரித்தனர். சற்று நேரத்தில் விரல்கள் மரத்துவிட்டன என்றார். அதையும் சாக்குப்போக்கு என்றே எண்ணினோம். அரைமணி நேரத்திற்குள் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். மருத்துவ நூலில் உள்ள விளக்கத்தை வரிசை பிறழாமல் அவர் நம்மிடம் சொல்லியிருந்தார் என்பது பின்னரே விளங்கிற்று.

பெயர் தரும் மயக்கம்

'மைக்ரேன்' என்னும் சொல்லின் வேர் 'ஹெமிகிரானியா' என்னும் கிரேக்கச் சொல். 'ஹெமி' என்பது பாதி. 'கிரானியோன்' என்பது மண்டையோடு. இலத்தீன், பிரெஞ்சு ஆகியவற்றின் வழியே தேய்ந்து ஆங்கிலத்தை அடைந்தது. வடமொழி மருத்துவ நூல்கள் பாதித் தலைவலியை 'அர்த்தாவபேதகம்' என்றன. தமிழர் 'ஒற்றைத் தலைவலி' என்றனர். மூன்று மரபுகளும் ஒரு பக்கத்து வலியையே பெயராக்கின.

பெயர் இனிதாயினும் இருவகையில் மயக்கம் தருகிறது. முதலாவது, வலி எப்போதும் ஒரு பக்கமாக வருவதில்லை. குறிப்பாகச் சிறார்க்கும் இளையோர்க்கும் இருபக்கமும் வலிப்பது மிகுதி. இரண்டாவது, இது வெறும் தலைவலியன்று. மூளையின் செயற்பாட்டில் தோன்றும் ஒரு கோளாற்றின் பல கட்டங்களுள் வலியும் ஒன்று. அக்கட்டங்கள் நான்கு. எல்லார்க்கும் நான்கும் வாய்ப்பதில்லை.

முதற்கட்டம் முன்னுணர்வு. வலிக்குச் சில மணி நேரம் முதல் ஓரிரு நாள் முன்பே கொட்டாவி, கழுத்து இறுக்கம், சோர்வு, எரிச்சல், குறிப்பிட்ட உணவின்மீது வேட்கை ஆகியவை தோன்றும். இரண்டாம் கட்டம் ஆரா. மூன்றாவது வலி, வயது வந்தோர்க்கு மருந்தின்றி 4 முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும், துடிதுடிப்பாக இருக்கும், நடந்தாலும் படியேறினாலும் மிகும், குமட்டல் வரும், ஒளியும் ஒலியும் பொறுக்கமுடியாதனவாகும். நான்காவது, வலி நீங்கிய பின்னும் ஓரிரு நாள் தொடரக்கூடிய களைப்பும் மந்தமும்.

'ஆரா' என்பதும் கிரேக்கச் சொல்லே. இளங்காற்று என்பது அதன் பொருள். வலிப்பு வருமுன் உடலில் குளிர்ந்த காற்று மேலெழுவது போல் உணர்ந்த நோயாளி ஒருவரைப் பற்றிப் பண்டைய மருத்துவர் கேலன் குறித்தார். அதிலிருந்து இது மருத்துவச் சொல்லாயிற்று. இதனைத் தமிழில் 'ஒளிவட்டம்' எனப் பெயர்ப்போர் உளர். அது தெய்வப் படங்களில் தலையைச் சூழ்ந்திருக்கும் ஒளியையே நினைவூட்டும். 'முன்னறிகுறி' என்றால் முதற்கட்டத்தோடு குழம்பும். மேலும், சிலர்க்கு ஆரா வந்த பின் வலியே வருவதில்லை. பின்வராத ஒன்றுக்கு இதனை எவ்வாறு முன்னறிகுறி என்பது? ஆகவே இவ்வுரையில் 'ஆரா' என்றே வழங்குகிறோம். தமிழில் 'ஆரா' என்றால் 'நிறைவுறாத' என்று பொருள், இரண்டுக்கும் உறவில்லை.

ஒற்றைத் தலைவலி உடையோரில் ஏறத்தாழ மூவரில் அல்லது நால்வரில் ஒருவர்க்கு ஆரா உண்டு. குடும்பவழியில் வருவதும் பரவலாகக் காணப்படுவது.

பார்வை, தொடுவுணர்வு, பேச்சு

ஆரா உடையோரில் பத்தில் ஒன்பது பேர்க்கு மேல் பார்வையில்தான் அது தோன்றுகிறது. பார்வையின் நடுவை ஒட்டி ஒரு சிறு புள்ளி மங்கும், அல்லது மினுங்கும். அது மெல்ல விரிந்து, பிறைபோல் வளைந்து, ஓரத்தில் கூரிய கோணல்மாணல் கோடுகளோடு துடித்துக்கொண்டே புறநோக்கி நகரும். மின்னும் விளிம்பின் உட்புறம் குருட்டுப் பகுதி ஒன்று உண்டாகும். அதன் வழியே நோக்கினால் எதிரில் இருப்பவரின் முகத்தில் பாதி இராது.

நம் எழுத்துமுறையில் இது எவ்வாறு வெளிப்படும் என எண்ணிப் பாருங்கள். 'கோ' என்பதில் இடப்பக்கம் இரட்டைக்கொம்பும் வலப்பக்கம் காலும் நிற்கின்றன. கொம்பு மறைந்தால் 'கோடு' என்பது 'காடு' ஆகும். கால் மறைந்தால் 'கேடு' ஆகும். 'போர்' என்பது 'பார்' ஆகும். பிழையாகப் படித்த மாணவரைக் கவனமற்றவர் என்போம். அவரோ கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் படித்தார்.

பலர் இதனை ஒரு கண்ணின் கோளாறு என்று கருதுவர். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால் இரண்டிலும் அதே காட்சி தெரியும். இரு கண்களையும் மூடினாலும் மினுக்கம் தொடரும். தோற்றுவாய் கண்ணன்று, மூளை என்பதற்கு இது சான்று. ஒரு கண்ணில் மட்டும் பார்வை மறைந்தால் அது வேறு செய்தி. உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

அடுத்தது தொடுவுணர்வு. ஒரு கையின் விரல்களில் ஊசி குத்துவது போலவோ எறும்பு ஊர்வது போலவோ தொடங்கி, கையின் மேலே ஏறி, முகத்தையும் உதட்டையும் நாவையும் அடையும். சென்ற இடம் பின்னர் மரத்துப்போகும்.

மூன்றாவது, நம் துறையோடு நெருங்கியது: பேச்சு. சொல்ல வேண்டியது மனத்தில் இருக்கும், சொல் கிடைக்காது. ஒரு சொல்லுக்கு மற்றொன்று வந்து விழும். பிறர் பேசுவது விளங்காமலும் போகலாம். இதனை நா குழறுதலோடு ஒன்றாக்கலாகாது. நா குழறும்போது சொல் சரியாக இருக்கும், ஒலிப்பு கெடும். இங்கோ சொல்லே தவறுகிறது.

இத்தகைய வேறுபாடுகளைச் சொல்லத் தமிழில் வழக்குகள் நிறைய உண்டு. கண் இருட்டுதல் மயங்கி விழுவதற்கு முந்திய நிலை. கண்ணில் பூச்சி பறத்தல் என்பது சிறு புள்ளிகள் மிதப்பது. கண் கூசுதல் என்பது ஒளி பொறுக்காமை. கண் மங்குதல் தெளிவு குறைவது. ஆனால் மருத்துவர் முன் அமர்ந்ததும் இவையனைத்தையும் 'கண்ணு சரியா தெரியல' என்ற ஒரே தொடரில் அடக்கிவிடுகிறோம். உரிய சொல்லைச் சொன்னால் மருத்துவரின் வேலை பாதி எளிதாகும்.

மூளையில் நகரும் அலை

1870இல் ஆங்கிலேய மருத்துவர் ஹியூபர்ட் ஏரி தமக்கு வந்த ஆராவைக் கட்டம் கட்டமாக வரைந்து வெளியிட்டார். அதன் விளிம்பு பழைய கோட்டை நகரின் மதிலைப் போல் இருந்ததால், மதில் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லைக் கொண்டு அதற்குப் பெயரிட்டார். நம் பழைய இலக்கியத்தில் மதிலின் உறுப்பாக வரும் ஞாயில்களை மனத்தில் கொண்டால் அவர் கண்டது நமக்கும் புலப்படும்.

1941இல் அமெரிக்க உளவியலறிஞர் கார்ல் லாஷ்லி தம் ஆராவின் நகர்வைத் தாமே அளந்தார். மூளைப் புறணியின் பார்வைப் பகுதியில் ஏதோ ஒன்று நிமிடத்திற்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று கணித்தார். 1944இல் பிரேசில் நாட்டு அறிஞர் அரிஸ்டிடெஸ் லேயோ முயல்களின் மூளைப் புறணியில் அதனையொத்த மந்த வேகத்தில் பரவும் ஓர் அலையை வெளியிட்டுக் காட்டினார். அலை செல்லும் முனையில் நரம்பணுக்கள் கிளர்ந்தெழுகின்றன. அது கடந்த பின் சிறிது நேரம் ஓய்ந்துவிடுகின்றன. முனையின் கிளர்ச்சி மினுக்கமாகவும், பின்வரும் ஓய்வு குருட்டுப் பகுதியாகவும் உணரப்படுகின்றன. 2001இல் ஆரா நிகழும்போதே எடுக்கப்பட்ட மூளைப் படங்களில் மனித மூளையிலும் இத்தகைய நகர்வு காணப்பட்டது.

இப்போது அந்த மாணவியின் சொற்களுக்கு விளக்கம் கிடைக்கிறது. பார்வைப் பகுதி மூளையின் பின்புறம் உள்ளது; தொடுவுணர்வுப் பகுதி அதற்கு முன்னே உள்ளது. ஆதலின் முதலில் எழுத்து மறைந்தது. பின்னர் விரல் மரத்தது. மனத்தின் கற்பனை இத்தனை ஒழுங்காக நடவாது.

பக்கவாதத்திலிருந்து பிரித்தறிதல்

ஆராவின் இலக்கணம் காலத்தைச் சார்ந்தது. ஓர் அறிகுறி ஐந்து நிமிடமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பரவும். ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வொன்றும் பொதுவாக 5 முதல் 60 நிமிடம் நீடித்து முற்றும் நீங்கும். மூளைக்குக் குருதி தடைப்படும் பக்கவாதமோ பெரும்பாலும் திடீரென வரும். ஒரே கணத்தில் முகம் கோணும், கை தளரும், பேச்சு கெடும். மினுக்கத்தைவிட இழப்பே அதில் மிகுதி.

இவ்வேறுபாட்டை அறிந்திருப்பது நன்று. ஆயினும் அதை வைத்து நாமே தீர்ப்புச் சொல்லலாகாது. முதன்முறையாக இத்தகைய அறிகுறி வந்தாலும், கை கால் தளர்ந்தாலும், ஒரு மணி நேரத்தைக் கடந்தாலும், வழக்கத்திற்கு மாறாக இருந்தாலும், இடிபோல் திடீரென வலி தாக்கினாலும் அவசர மருத்துவ உதவியை நாட வேண்டும். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 ஆகிய எண்களை அழைக்கலாம்.

பெண்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆராவுடன் கூடிய ஒற்றைத் தலைவலி உடையோர்க்குப் பக்கவாத வாய்ப்பு சற்று மிகுதி. இளையோரில் அது மிக அரிதே. ஆனால் புகைபிடித்தலும் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் அவ்வாய்ப்பை உயர்த்தும். ஆரா உடையோர்க்கு அத்தகைய மாத்திரை கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். எனவே மருத்துவரிடம் 'தலைவலி உண்டு' என்பதோடு நிறுத்தாமல், 'முன்னதாகக் கண்ணில் மின்னும்' என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஒரு தொடர் மருந்துச் சீட்டையே மாற்றிவிடும்.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

மாணவர்க்கு முதலில் சொல்வது: குறிப்பெழுதுங்கள். "2.10 இடப்பக்கம் ஒரு புள்ளி, 2.20 வளைந்த கோடு, 2.35 மறைந்தது, 2.45 வலி தொடங்கிற்று." இத்தகைய நான்கு வரிகள் பலதுறை மருந்தகத்திலோ கிளினிக்கிலோ நீண்ட விளக்கத்தைவிடப் பயன் தரும். உறக்கம், உணவு, மாதவிலக்கு ஆகியவற்றையும் குறியுங்கள். உணவைத் தவிர்த்தலும் உறக்கம் கெடுதலும் பலரிடம் தூண்டுகோலாக அமைகின்றன. தேர்வுக் காலத்தில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

வலி தணிக்கும் மருந்தை மருத்துவர் சொற்படி தொடக்கத்திலேயே உட்கொள்வது நன்று. பதினாறு வயதுக்கு உட்பட்டோர் மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரின் உட்கொள்ளலாகாது. மாதத்தில் பாதி நாள் சாதாரண வலிநிவாரணிகளை மாதக்கணக்கில் உட்கொண்டால் அம்மருந்தே தலைவலிக்குக் காரணமாகிவிடும் என்பதையும் மறவாதீர்.

ஆசிரியர்க்குச் சொல்வது: முதலில் நம்புங்கள். படிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். வெளிச்சமும் ஓசையும் குறைந்த இடத்தில் அமரச் செய்து, தனியே விடாமல், தொடங்கிய நேரத்தைக் குறித்து வையுங்கள். பேச்சு தடுமாறும் மாணவரை வினாக்களால் நெருக்காதீர்கள். ஆம், இல்லை எனத் தலையசைத்தால் போதும். ஆனால் முதன்முறை என்றால் காத்திராமல் உதவியை நாடுங்கள்.

திருவள்ளுவர் மருத்துவத்தை நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என நான்காகப் பகுத்தார். வகுப்பறையில் அந்த நான்காமவர் ஆசிரியரே. அன்று தேர்வு மண்டபத்தில் நாம் அவ்விடத்தில் இருந்தும் அப்பணியைச் செய்யவில்லை. அம்மாணவியைப் பல்லாண்டு கழித்து ஒரு விழாவில் சந்தித்தபோது மன்னிப்புக் கேட்டோம். "விடுங்க ஐயா, அப்ப எனக்கே அது என்னன்னு தெரியாது" என்றார். அவர்க்கும் நமக்கும் அன்று இல்லாதிருந்த சொற்களை இன்றைய மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் தருவதே இவ்வுரையின் நோக்கம்.