அச்சில் மிச்சம் பிடித்தால் படகில் தெரியும்

பணி ஓய்வு பெற்றதும் அப்பா கேட்டது ஒன்றுதான்: "மீன் பிடிக்க நாமே ஒரு சின்னப் படகு செய்யலாமாடா?"

கிள்ளானில் எங்கள் வீட்டு முன்புறத்தில், ஒட்டுப்பலகையால் 12 அடி மாதிரிப் படகு ஒன்றை மூன்று மாதம் இழைத்து இழைத்துச் செய்தார். அதன்மேல் ஃபைபர் அச்சு எடுப்பது என் பொறுப்பு. சொதப்பியது நான்தான்.

இருப்பதிலேயே விலை குறைந்த ரெசினை வாங்கினேன். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எட்டு அடுக்கு ஒட்டினேன். மாலைக்குள் கை வைக்க முடியாத சூடு. மறுநாள் பிரித்தபோது அச்சு முறுக்கிக்கொண்டிருந்தது. மாதிரிப் படகின் ஒரு பக்கமும் பெயர்ந்து வந்தது. அப்பா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். அதைச் சரிசெய்ய அவருக்கு இன்னொரு மாதம் பிடித்தது.

இரண்டாம் முறை, படகுப் பட்டறை நடத்தும் பெரியவர் ஒருவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கினோம்.

ரெசினில் 'ஆர்த்தோ' மலிவு; படகுக்குப் போதும். அச்சு ஒவ்வொரு முறையும் சூட்டையும் இழுப்பையும் தாங்க வேண்டும். அதனால் அச்சுக்கென்றே வரும் ஜெல்கோட்டைப் பூசி, முதல் அடுக்கை வினைல் எஸ்டரிலும் மற்றதை 'ஐசோ'விலும் போட்டோம். எபாக்சி குறைவாகவே சுருங்கும், ஆனால் விலை அதிகம். மேலும், சாதாரண மேட்டில் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டர், வினைல் எஸ்டர் வகை ரெசினில் கரையும், எபாக்சியில் கரையாது.

அடுத்தது மேட். ஜெல்கோட்டை ஒட்டி வருவது மெல்லியதாக, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையில் இருக்கட்டும். அது இறுகியதும் காற்றுக் குமிழி இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். பிறகு 450 கிராம் மேட், ஒரு நாளைக்கு இரண்டு அடுக்குக்கு மேல் வேண்டாம். நெய்த ரோவிங்கை மேற்பரப்புக்கு அருகில் வைத்தால் அதன் கட்டம் பளபளப்பில் அப்படியே தெரியும். ஒரு கிலோ மேட்டுக்கு இரண்டு முதல் இரண்டரை கிலோ ரெசின் என்று கணக்கிட்டு வாங்கலாம்.

இறுக வைக்கும் திரவம் பொதுவாக 1 முதல் 2 விழுக்காடு. நம் ஊர் வெயிலுக்கு, காலையிலேயே தொடங்கி 1 விழுக்காட்டை ஒட்டியே கலந்தோம். அதற்கும் கீழே குறைத்தால் ரெசின் முழுதாக இறுகாது. அச்சின் கனம் படகைப் போல இரு மடங்கு. தாங்கு சட்டங்களையும், மாதிரிப் படகிலிருந்து கழற்றும் முன்பே ஒட்டிவிட வேண்டும்.

இரசாயன ஆவியைத் தடுக்கும் முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம். அந்தத் திரவம் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ரெசினில் சேர்க்கும் கோபால்ட்டுடன் அதை நேரடியாகக் கலந்தால் வெடிக்கும்.

ஒரு வாரம் விட்டுக் கழற்றினோம். அப்பா மீண்டும் தடவிப் பார்த்தார். இம்முறை உள்ளே போகவில்லை. "படகுக்கு என்ன நிறம் அடிக்கலாம்?" என்று கேட்டார்.