சித்திரக்கதையை எடைபோடுவது எப்படி?

பள்ளிப் பாடமும் மதரஸா பாடமும் முடித்த பிள்ளை ஒரு சித்திரக்கதை இதழை விரித்து அமர்ந்தால், "இதுவும் ஒரு படிப்பா?" என்று கேட்கும் பெற்றோர் நம் இல்லங்களில் உண்டு. கேள்வியில் தவறில்லை. ஆனால், இதழைப் புரட்டிப் பாராமலே தீர்ப்புக் கூறுவது நீதியாகாது. எழுத்தையும் சித்திரத்தையும் எடைபோடத் தெரிந்த பெற்றோரே, எதை வாங்குவது, எதை விலக்குவது என்று பிள்ளைக்கு வழிகாட்ட இயலும்.

தமிழ்ச் சித்திரக்கதைகளுக்குச் சிவகாசியே தாயகம் எனலாம். 1972-இல் முத்து காமிக்ஸும், 1984-இல் லயன் காமிக்ஸும் அங்கே தோன்றின. அவற்றில் வரும் கதைகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவில் பிறந்தவை. சித்திரம் அப்படியே வருகிறது. சொல் மட்டும் தமிழாகிறது. ஆகவே, புதிய இதழ் கைக்கு வந்ததும் உரையாடலை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நாவில் தடையின்றி ஓடினால் அது நல்ல தமிழாக்கம்.

சொல்லும் சித்திரமும்

முத்து காமிக்ஸின் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. 1962-இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' இதழில் தோன்றியவன்; வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறையும்; இரும்புக் கை மட்டும் தெரியும். கண்ணுக்குத் தெரியாத மனிதனை வரைவது எங்ஙனம்? அந்தரத்தில் நிற்கும் கையும், அதைக் கண்டு அஞ்சும் முகங்களுமே அவனைக் காட்ட வேண்டும். அங்கே எழுத்து செய்ய வேண்டியது, அவன் மனத்தில் ஓடுவதைச் சொல்வதே. சித்திரம் காட்டியதையே எழுத்தும் திரும்பச் சொன்னால் இரண்டில் ஒன்று வீண். தொடக்கத்தில் தன் ஆற்றலைத் தீய வழியில் செலுத்தியவன், பின்னர் திருந்துகிறான். பிள்ளையோடு பேச நல்ல பொருள் இது.

1948-இல் இத்தாலியில் பொனெல்லியின் எழுத்திலும் கல்லெப்பினியின் தூரிகையிலும் பிறந்த டெக்ஸ் வில்லர், நவஹோ பழங்குடியினரின் தலைவனாகவும் விளங்குபவன். அவர்களுக்கு இழைக்கப்படும் அநீதியை எதிர்ப்பவன். எனினும், துப்பாக்கிச் சண்டை மிகுந்த அக்கதைகள் சிறு பிள்ளைகளுக்கு ஏற்றவை அல்ல, வளர்ந்தவர்க்கே உரியவை.

நம் கதை எங்கே?

2014-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'மிஸ் மார்வெல்' இதழின் நாயகி கமலா கான், பாகிஸ்தானிய வம்சாவளியைச் சேர்ந்த முஸ்லிம் சிறுமி. எழுதியவர் வில்லோ வில்சன். வரைந்தவர் ஏட்ரியன் அல்ஃபோனா. வீட்டுக் கண்டிப்பும் பெற்றோர் பாசமும் அதில் கதையாயின. அதன் முதல் தொகுதி 2015-இல் ஹியூகோ விருது பெற்றது. தம் வீட்டைப் போன்ற வீட்டைச் சித்திரத்தில் காணும் பிள்ளைக்குத் தன் வாழ்வும் கதைக்கு உரியதே என்ற எண்ணம் பிறக்கிறது.

வானூரை அடுத்த மரக்காணக் கரையில் உப்புப் பாத்திகள் விரிந்து கிடக்கின்றன. வெண்ணிறக் குவியல், கரிய வரப்பு, கொளுத்தும் வெயிலில் உப்பு வாரும் மாந்தர் — கறுப்பு வெள்ளை ஓவியத்திற்கு இதைவிடப் பொருத்தமான களம் உண்டா? அரிசோனாப் பாலைவனத்தை அறிந்த நம் பிள்ளை இக்கரையையும் வரைந்து பார்க்கட்டும். அடுத்த முறை இதழ் வாங்கும்போது, ஒரு வெள்ளைத் தாள் கட்டும் பென்சிலும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள்.