படகு ஏன் கரை ஏறுகிறது?

ஆண்டிபட்டிக்கு அருகில் உள்ள வைகை அணைக்கு விடியற்காலையில் சென்றால், நீர்த்தேக்கத்தில் வட்டமான பரிசல்களில் அமர்ந்து வலை விரிக்கும் மீனவர்களைக் காணலாம். 1959-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இந்த அணையின் உயரம் 111 அடி. அதில் 71 அடி வரை நீரைத் தேக்கலாம். மழை பொய்த்த ஆண்டுகளில் கோடை வந்ததும் நீர் வெகுதூரம் உள்வாங்கிவிடும். வெடித்த வண்டல் தரை கண்ணுக்குத் தெரியும். அப்போது பரிசல்களுக்கு வேலை குறைவு. கரையில் அவை கவிழ்ந்து கிடக்கும்.

சும்மா கிடக்கின்றன என்று எண்ணிவிடாதீர்கள். படகுகளைக் கவனிக்க ஏற்ற காலமே அதுதான். குளிர் நாடுகளில் சிறு படகு வைத்திருப்பவர்கள் குளிர்காலத்தில் அதைக் கரையேற்றிப் பழுது பார்க்கிறார்கள். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. (2017-க்கு முன்பு இது 45 நாட்களாக இருந்தது.) மீன்கள் இனப்பெருக்கம் செய்யட்டும் என்பதற்காக ஏற்பட்ட தடை இது. ஆனால் அந்த நாட்களில் காசிமேட்டுக்கோ இராமேஸ்வரத்துக்கோ போய்ப் பாருங்கள்: படகு தளங்களில் சுத்தியல் ஓசையும் வண்ணப்பூச்சின் வாடையும்தான்!

பராமரிப்பு என்றால் அழகுக்காகப் பூசும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பள்ளிப் பாடத்தில் நீங்கள் படிக்கும் இயற்பியலும் வேதியியலும் ஒரு படகின் ஒவ்வோர் அங்குலத்திலும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. பல சமயங்களில் நமக்கு எதிராக!

முதலில் ஓட்டையை எடுத்துக்கொள்வோம். 2 மீட்டர் விட்டமுள்ள தட்டையான அடிப்பாகம் கொண்ட ஒரு பரிசலைக் கற்பனை செய்யுங்கள். பரிசலும் ஆட்களும் வலையும் சேர்ந்து 300 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஆர்க்கிமிடிஸ் விதிப்படி அது 300 லிட்டர் நீரை விலக்க வேண்டும். அடிப்பரப்பு 3.14 சதுர மீட்டர். ஆகவே பரிசல் ஏறத்தாழ 9.5 செ.மீ. ஆழத்துக்கு மட்டுமே அமிழும். ஒரு சாண் ஆழம்கூட இல்லை.

இப்போது அடியில் 1 செ.மீ. விட்டத்தில் ஓர் ஓட்டை விழுகிறது. நீர் எவ்வளவு வேகமாக உள்ளே பாயும்? டாரிசெல்லியின் விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 9.5 செ.மீ. உயரத்திலிருந்து விழும் கல் எந்த வேகத்தை அடையுமோ, அதே வேகம்: வினாடிக்கு ஏறத்தாழ 1.36 மீட்டர். ஓட்டையின் விளிம்பில் நீர்த்தாரை சற்றே குறுகுவதால், கணக்கில் வருவதில் 60 விழுக்காடு அளவே உண்மையில் நுழையும். அப்படியும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 4 லிட்டர். ஒரு சொம்பை எடுத்து இறைத்தால் சமாளித்துவிடலாம்.

ஓட்டையின் விட்டம் 2 செ.மீ. ஆனால்? பரப்பு நான்கு மடங்காகிறது. நீரும் நான்கு மடங்காகிறது. கால் மணி நேரத்தில் 230 லிட்டர்! நான்கு பேர் கூடுதலாக ஏறி உட்கார்ந்ததற்குச் சமம்.

இங்கே ஒரு கேள்வி எழும். உள்ளே நீர் ஏற ஏற, உள்மட்டமும் வெளிமட்டமும் நெருங்கி, பாய்ச்சல் குறைந்துவிடாதா? என் வகுப்பில் இதைக் கேட்டால் பெரும்பாலோர் 'குறையும்' என்றே சொல்வார்கள். குறையாது. உள்ளே 1 செ.மீ. நீர் ஏறினால், அந்த எடையால் பரிசலும் சரியாக 1 செ.மீ. கீழே இறங்குகிறது. இரு மட்டங்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம் 9.5 செ.மீ. ஆகவே நிற்கிறது. விளிம்பு நீரைத் தொடும் வரை, ஓட்டை ஒரே வேகத்தில் நீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். பக்கச் சுவர் நேராக உள்ள எந்தப் படகுக்கும் இது பொருந்தும். 'தானாக நின்றுவிடும்' என்று காத்திருப்பவர் ஏமாந்துபோவார்.

ஆகவே ஓட்டை விழாமல் பார்ப்பதே முதல் வேலை. பழங்காலத்தில் மூங்கில் பிளாச்சுகளால் கூடை போலப் பின்னி, அதன்மேல் தோலைப் போர்த்தினார்கள். பிறகு தோலின் இடத்துக்குத் தார் பூசிய துணியும் பிளாஸ்டிக் உறையும் வந்தன. இப்போது கண்ணாடி இழைப் பரிசல்கள் பெருகிவிட்டன. கடற்கரையில் மரப்படகின் பலகை இடுக்குகளில் நார் திணித்து அடைப்பதைக் 'கலப்பத்து' என்பார்கள். பொருள் எதுவானாலும் ஒரு விதி மாறாது: நன்றாக உலர்ந்த பிறகே பூச வேண்டும். ஈர மூங்கிலின்மேல் தாரைப் பூசினால் என்ன ஆகும்? வெயிலில் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, வெளியேற வழியின்றிப் பூச்சைத் தூக்கிக் கொப்புளமாக்கும். கொப்புளம் உடைந்த இடத்தில்தான் அடுத்த ஆண்டின் ஓட்டை. கரையேற்றியவுடன் பூசாமல், சில வாரங்கள் வெயிலிலும் காற்றிலும் கவிழ்த்துப் போடுவது சோம்பேறித்தனம் அல்ல என்பது இப்போது விளங்குகிறதல்லவா? உலர்ந்த மூங்கில் எடையும் குறைவு.

கண்ணாடி இழைக்குக் கொப்புளம் வராதா? அதற்கும் வரும், காரணம் வேறு. அதன் மேற்பூச்சு நீரை முழுவதும் தடுப்பதில்லை. மாதக்கணக்கில் நீரிலேயே கிடந்தால் நீர் மூலக்கூறுகள் மெல்ல ஊடுருவி, உள்ளே பிசினில் மிஞ்சியுள்ள சில பொருள்களைக் கரைக்கின்றன. உள்ளே செறிவான கரைசல். வெளியே ஏரி நீர். நடுவே மெல்லிய பூச்சு. உலர்ந்த திராட்சையை நீரில் போட்டால் உப்புகிறதே, அதே சவ்வூடு பரவல்! உள்ளே அழுத்தம் கூடிப் பூச்சு வீங்குகிறது. வியப்பு என்னவென்றால், உப்பு நிறைந்த கடல்நீரைவிட நன்னீரில் இந்தத் தொல்லை மிகுதி. ஏனென்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இயந்திரம் பொருத்திய படகானால் இன்னொரு பகை சேரும்: உலோக அரிப்பு. அலுமினிய உறுப்பில் ஒரு திருகு துருப்பிடித்துவிட்டது. 'நல்லதாகவே போடுவோம்' என்று எவர்சில்வர் திருகு ஒன்றை ஒருவர் முடுக்குகிறார். அடுத்த ஆண்டு பார்த்தால் திருகு பளபளக்கிறது. அதைச் சுற்றி அலுமினியம் பொடியாக உதிர்கிறது! இரு வேறு உலோகங்கள், இடையே நீர். இது ஒரு மின்கலம் அல்லவா? எளிதில் எலக்ட்ரானை இழக்கும் உலோகம் கரைகிறது. இதற்கு மருந்தும் அதே விதியில்தான் இருக்கிறது. இன்னும் எளிதில் கரையும் ஓர் உலோகக் கட்டியை உடன் பொருத்திவிட்டால் அது பலியாகி மற்றதைக் காக்கும். கடலில் துத்தநாகம், மின்கடத்தும் திறன் குறைந்த நன்னீரில் மக்னீசியம். ஆண்டுதோறும் கரைந்துபோன கட்டியை மாற்ற வேண்டும்.

இந்த யோசனைக்கு வயது இருநூறு. ஆங்கிலேயக் கடற்படை தன் மரக்கப்பல்களின் அடியில், மரத்தைத் துளைக்கும் புழுக்களிடமிருந்து காக்கச் செம்புத் தகடு பொருத்தியிருந்தது. கடல்நீர் செம்பை அரித்தது. 1824-இல் ஹம்ப்ரி டேவி, செம்போடு சிறிய இரும்பு அல்லது துத்தநாகத் துண்டுகளைச் சேர்த்தால் போதும் என்று காட்டினார். சொன்னபடியே செம்பு அரியவில்லை. ஆனால் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. இதுவரை சிறிது சிறிதாகக் கரைந்த செம்பு நஞ்சாக இருந்து பாசியையும் சிப்பியையும் அண்டவிடாமல் வைத்திருந்தது. கரைவது நின்றதும் அவை அப்பிக்கொண்டு வளர்ந்தன. கப்பல்களின் வேகம் குறைந்தது! ஒரு குறையைச் சரிசெய்தால் இன்னொன்று தலைதூக்குமா என்று பார்க்காமல் படகில் எதையும் மாற்றக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியவில்லை.

குளிர் நாட்டவரின் தொல்லை ஒன்று நமக்கு இல்லை. நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைகிறது. இயந்திரத்தைக் குளிர்விக்கும் குழாய்களில் சிறிது நீர் தங்கினாலும் இரும்பே வெடித்துவிடும். அதனால் குளிர்காலத்துக்கு முன் அதை வடித்துவிடுகிறார்கள். வைகைக் கரையில் அந்தக் கவலை வேண்டாம்.

பழுது பார்ப்பது ஒன்று, மேம்படுத்துவது இன்னொன்று. ஒரு கூரை போடலாமா, மேலே ஒரு தளம் கட்டலாமா, விளக்கும் மின்கலமும் வைக்கலாமா என்ற ஆசை படகு வைத்திருக்கும் எல்லோருக்கும் வரும். இங்குதான் உயிர் சம்பந்தப்பட்ட கணக்கு இருக்கிறது.

படகு ஒரு பக்கம் சாயும்போது, அந்தப் பக்கம் அதிகமாக அமிழ்வதால் மிதப்பு மையம் அப்பக்கமாக நகர்கிறது. அங்கே மேல்நோக்கு விசை படகை நிமிர்த்தப் பார்க்கிறது. ஆனால் படகின் ஈர்ப்பு மையம் ஓர் எல்லைக்குமேல் உயர்ந்துவிட்டால் அதே விசை படகைக் கவிழ்த்துவிடும். அந்த எல்லைப் புள்ளிக்கு மெட்டாசென்டர் என்று பெயர். நம் பரிசலுக்குக் கணக்கிட்டால் அது மிதப்பு மையத்துக்கு ஏறத்தாழ 2.6 மீட்டர் மேலே இருக்கிறது. எனவேதான் மீனவர் அதில் எழுந்து நின்று வலை வீச முடிகிறது. இதற்குக் காரணம் அகலம். அமிழும் ஆழம் மாறாமல் அகலம் மட்டும் பாதியானால் இந்த உயரம் கால் பங்காகிவிடும்.

உள்ளே நீர் தேங்கினால் நிலைமை தலைகீழ். கால் மணியில் நுழைந்த 230 லிட்டர், தரை முழுவதும் 7 செ.மீ. உயரத்துக்குப் பரவி நிற்கிறது. பரிசல் சற்றே சாய்ந்ததும் அத்தனை நீரும் சாய்ந்த பக்கமே ஓடி, மேலும் சாய்க்கிறது. அகலத்தால் கிடைத்த நன்மையின் பெரும்பகுதி போய்விடுகிறது. அப்போது எழுந்து நிற்பது பேராபத்து.

முல்லைப் பெரியாறு அணை (1895) தேக்கிய தேக்கடி ஏரியின் நீர் சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்கு இறங்கி, கடைசியில் வைகை அணையைத்தான் வந்தடைகிறது. அந்த ஏரியில் 2009 செப்டம்பர் 30 அன்று 'ஜலகன்யகா' என்ற இரண்டு தளக் கண்ணாடி இழைச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். புயல் இல்லை. பாறையில் மோதவும் இல்லை. அளவுக்கு மீறிய ஆட்கள், மேல்தளத்தில் இருந்தோர் விலங்குகளைப் பார்க்க ஒரே பக்கம் திரண்டது, படகின் சமநிலைக் குறைபாடு ஆகியவை காரணங்களாகக் கூறப்பட்டன. மேல்தளத்தில் மனிதர்கள் கூடினால் ஈர்ப்பு மையம் உயர்கிறது. ஒரு பக்கம் திரண்டால் பக்கவாட்டிலும் நகர்கிறது. இரண்டும் ஒரே நிமிடத்தில் நடந்தால் நிமிர்த்தும் விசைக்கு இடமேது?

மேலே எடை வைக்கவே கூடாது என்று பொருளல்ல. ஈடு செய்ய வேண்டும். கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 முதல் ஓடும் 'ஆதித்யா' 75 பேர் அமரும் சூரிய மின்படகு. சூரியத் தகடுகளைக் கூரையில்தான் வைக்க முடியும்! ஆனால் அது இரட்டை உடல் கொண்ட அகலமான படகு. அகலம் என்ன செய்யும் என்பதை மேலே பார்த்தோம்.

உங்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். நீள்சதுரமான பிளாஸ்டிக் டப்பா ஒன்றை வாளியிலோ தொட்டியிலோ மிதக்கவிடுங்கள். சில கற்களை அடியில் வைத்து, ஒரு விளிம்பை மெல்ல அழுத்தி விடுங்கள். டப்பா உடனே நிமிரும். கற்களை எடுத்துவிட்டு, அதே அளவு எடைக்கு உள்ளே நீர் ஊற்றி மறுபடியும் அழுத்துங்கள். பிறகு நீளவாக்கில் நடுவே ஓர் அட்டையை, நீர் கசியாதபடி மெழுகு வைத்துப் பொருத்தி, இரு பாதியிலும் சமமாக நீர் ஊற்றி மூன்றாம் முறை செய்யுங்கள். கணக்குப்படி, ஓடும் நீரின் தீங்கு இப்போது கால் பங்காகக் குறைய வேண்டும். மூன்று முறையும் டப்பா எப்படி நிமிர்ந்தது என்று குறித்து ஒப்பிடுங்கள்.