அகராதியில் காணாமற்போன மேரி

ஆண்டு விளையாட்டு விழாவுக்கு முன், விடுதி மாணவியரின் இரத்த வகையைக் கணினியில் பதியும் பொறுப்பு பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பிரிவினராகிய எங்களுக்குக் கிடைத்தது. பாடத்தில் படித்த பைத்தான் மொழியைப் பயன்படுத்திப் பார்க்க நல்ல வாய்ப்பென்று மகிழ்ந்தோம். 42 பேரின் விவரங்களையும் பதிந்து முடித்து, எண்ணச் சொன்னோம். கணினி 41 என்றது!

அந்த ஒருத்தி எங்கே போனாள்?

வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியைத் தொகுத்ததை நாம் அறிவோம். அதற்கு முன்னிருந்த நிகண்டுகள் செய்யுளில் அமைந்தவை. அவற்றை மனப்பாடம் செய்தவர்க்கே சொல் எளிதில் அகப்படும். முனிவரோ சொற்களை அகர வரிசையில் நிறுத்தினார். தலைச்சொல்லைத் தேடினால் பொருள் பக்கத்திலேயே இருக்கும். பைத்தானிலும் இத்தகைய சேமிப்புக்கு ‘டிக்‌ஷனரி’, அதாவது அகராதி, என்றே பெயர். தலைச்சொல்லின் இடத்தில் இருப்பது திறவுகோல். பொருளின் இடத்தில் இருப்பது மதிப்பு.

புதிய பதிவைச் சேர்ப்பது மிக எளிது. பெற்றோரும் ஒரு முறை பார்க்கலாம்:

இரத்தம் = {}
இரத்தம்["ஆரோக்கிய மேரி"] = "ஓ பாசிட்டிவ்"

முதல் வரி வெற்று அகராதியை உண்டாக்குகிறது. இரண்டாவது வரியில் சதுர அடைப்புக்குள் இருப்பது திறவுகோல், சமக்குறிக்குப் பின் வருவது மதிப்பு. கணினி நம்மைப் போல் அகர வரிசையில் பக்கம் புரட்டுவதில்லை. திறவுகோலிலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண் காட்டும் அறையை நாடிச் செல்கிறது. ஆகவே ஆயிரம் பெயர்கள் இருந்தாலும் தேடுவதற்குக் காலதாமதம் இல்லை.

சிக்கலும் அங்கேதான். அதே திறவுகோல் முன்பே இருந்தால், பழைய மதிப்பை நீக்கிவிட்டுப் புதியதை வைத்துவிடும். எச்சரிக்கையும் இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. வேளாங்கண்ணி அன்னையின் பெயர் வீட்டுக்கு வீடு விளங்கும் பட்டுக்கோட்டைப் பக்கத்தில், ஒரே விடுதியில் இரண்டு ஆரோக்கிய மேரி இருப்பது வியப்பா? (பெயரைத் திறவுகோலாக்கியபோது இது எங்களுக்குத் தோன்றவில்லை என்பதுதான் வியப்பு.) இரண்டாமவளின் ‘பி நெகட்டிவ்’ வந்ததும் முதலாமவளின் ‘ஓ பாசிட்டிவ்’ அழிந்தது. அவசர வேளையில் ஒருவர் இப்பட்டியலை நம்பி முதல் மேரியின் பெயரைத் தேடியிருந்தால், மற்றவளின் இரத்த வகையல்லவா கிடைத்திருக்கும்!

சதுரகராதியின் பெயரகராதிப் பகுதியில் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களும் ஒரே தலைப்பின்கீழ் நிற்கும். ‘மாலை’ என்றால் அந்திப்பொழுதும் உண்டு, பூந்தொடையலும் உண்டு. பைத்தானிலும் மதிப்பாக ஒரு பட்டியலையே வைத்து அவ்வாறு செய்ய இயலும். ஆனால் இங்கே அது உதவாது. எந்த மேரிக்கு எந்த வகை என்பது அப்போதும் விளங்காது.

எனவே பெயரை விட்டு, ஒருவருக்கு ஒன்றாக உள்ள சேர்க்கை எண்ணைத் திறவுகோலாக்கினோம். எண்ணைத் தவறாகத் தட்டினால் பழைய கதைதானே? அதற்காக, ‘இந்த எண் அகராதியில் இல்லையெனில் மட்டும் சேர், இருந்தால் எங்களிடம் சொல்’ என்ற சோதனையையும் முன்னால் வைத்தோம்.

மறுபடி எண்ணச் சொன்னோம்: 42. இரு மேரியரும் தத்தம் வரியைப் படித்துப் பார்த்துக் கையொப்பமிட்ட பிறகே, பட்டியலைச் சிஸ்டரிடம் கொடுத்தோம்.