அறுவைச் சிகிச்சையும் நோவு நீக்கும் மருந்துகளும்

இருதய அறுவைச் சிகிச்சைக்கு முந்திய நாள் மாலை, நம் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவருக்கு நோயில்பூசுதல் வழங்க மருத்துவமனைக்குச் சென்றிருந்தேன். செபம் முடிந்ததும் அவர் என் கையைப் பற்றிக்கொண்டார். “சுவாமி, நாளைக்கு அபின் இனத்து மருந்தைத்தான் ஏற்றுவார்களாம். நான் அதற்கு அடிமையாகிவிட மாட்டேனா? ஆண்டவர் பட்ட பாடுகளை நினைத்து, வலியைப் பொறுத்துக்கொண்டால் ஆகாதா?” என்று கேட்டார்.

வெளியே வந்தபோது அவருடைய மனைவி என்னைத் தனியே அழைத்தார். “சுவாமி, அவர் தினமும் இரவில் குடிப்பவர். அதை டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் மானம் போய்விடும் என்கிறார்” என்று கண் கலங்கினார்.

அன்றிரவு மயக்க மருந்து நிபுணரிடம் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் விளக்கியவை நம் குடும்பங்கள் அனைத்தும் அறிய வேண்டியவை என்பதால் இங்கு எழுதுகிறேன்.

உறக்கம் வேறு, நோவு நீங்குதல் வேறு

மயக்க மருந்து என்பது ஒரே மருந்து என நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வாறன்று. இரத்தக் குழாய் வழியாகவே முழு மயக்கமும் அளிக்கும் முறையில், உறக்கம் தருவது ஒரு மருந்து. நோவை அடக்குவது மற்றொன்று. தசைகளைத் தளர்த்துவது மூன்றாவது. இன்று உறக்கத்திற்குப் பெரிதும் பயன்படுவது பால்போல் வெண்மையான புரோப்போஃபால். அது நினைவை அகற்றுமேயன்றி நோவை அகற்றுவதில்லை. உறங்குகிறவனின் உடலும் கத்தியை அறியும்; நாடி விரையும்; இரத்த அழுத்தம் ஏறும். பழுதுற்ற இருதயத்திற்கு அது பேராபத்து. இதைத் தடுப்பதற்கே அபின் இன மருந்துகள் தேவைப்படுகின்றன.

ஒரே குடும்பத்தின் நான்கு மருந்துகள்

இக்குடும்பத்தில் மூத்தது மார்பீன். நம் சமையலறைக் கசகசாவைத் தரும் அதே செடியின் காய்ப்பாலே அபின். அதிலிருந்து மார்பீனைப் பிரித்தெடுத்தவர், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த செர்ட்யூர்னர் என்னும் ஜெர்மானிய மருந்தாளர். கிரேக்கரின் கனவுத் தெய்வமான மார்ஃபியசின் பெயரையே அதற்கு இட்டார். 1969-இல் பாஸ்டன் நகர மருத்துவர்கள், இருதய நோயாளிகளுக்கு மார்பீனைப் பேரளவில் இரத்தக் குழாயில் செலுத்தினும் இருதயத்தின் ஆற்றல் குன்றுவதில்லை எனக் கண்டு வெளியிட்டனர். ஆயினும் அது மெதுவாக வேலை தொடங்கும், மெதுவாகவே நீங்கும். சிலருக்கு அரிப்பும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் உண்டாக்கும். சிறுநீரகம் பழுதானவர்களின் உடலில் அதன் விளைபொருள்கள் தங்கிவிடும்.

இரண்டாவது ஃபென்டனில். பெல்ஜிய நாட்டு மருத்துவர் பால் யான்சென் 1960-ஆம் ஆண்டளவில் சோதனைச் சாலையில் ஆக்கியது. மார்பீனைவிடச் சுமார் 100 மடங்கு வலிமை உடையது. 10 மில்லிகிராம் மார்பீன் செய்யும் வேலையை 0.1 மில்லிகிராம் ஃபென்டனில் செய்துவிடும். விரைந்து வேலை செய்யும், இருதயத்தைக் கலங்கவிடாது. மூன்றாவதான சூஃபென்டனில், ஃபென்டனிலைவிட 5 முதல் 10 மடங்கு வலியது. நான்காவது, 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரெமிஃபென்டனில்.

“மிக வலியதே மிகச் சிறந்தது அன்றோ?” என்று கேட்டேன். மருத்துவர் புன்னகைத்தார். “வலிமையைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை, ஃபாதர். வலியது என்றால் குறைவாகக் கொடுப்போம். எவ்வளவு நேரத்தில் உடலைவிட்டு நீங்கும் என்பதைத்தான் பார்ப்போம்” என்றார்.

காய்ந்த வயலில் ஒரு குடம் நீரை ஊற்றினால் மண் உறிஞ்சிக்கொள்ளும். இடைவிடாது பாய்ச்சினாலோ மண் நிறைந்து, நீர் தேங்கி நிற்கும். ஃபென்டனிலும் அவ்வாறே. ஒருமுறை சிறிதளவு செலுத்தினால் தசையும் கொழுப்பும் உறிஞ்சிக்கொள்ள, விரைவில் அதன் வேகம் தணியும். மணிக்கணக்கில் செலுத்தினால் தேங்கிவிடும். 4 மணி நேரம் தொடர்ந்து செலுத்தி நிறுத்தினால், தொழிற்படும் இடத்தில் மருந்தின் செறிவு பாதியாகக் குறைய ஃபென்டனிலுக்கு 4 மணி நேரத்திற்கும் அதிகம் ஆகும். சூஃபென்டனிலுக்குச் சுமார் 34 நிமிடம். ரெமிஃபென்டனிலுக்கோ சுமார் 4 நிமிடமே என ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். ஈரலையும் சிறுநீரகத்தையும் எதிர்பாராமல், இரத்தத்திலும் தசையிலும் உள்ள நொதிகளே ரெமிஃபென்டனிலைச் சிதைத்துவிடுகின்றன.

அப்படியானால் அதுவே சிறந்ததோ? அதற்கும் ஒரு குறை உண்டு. மருந்து நிமிடங்களில் நீங்குவதால், நோவும் நிமிடங்களில் திரும்பி வரும். பேரளவில் பெற்ற சிலருக்கு நோவு முன்னினும் மிகுதியாகத் தோன்றுவதும் உண்டு. ஆகவே அறுவை முடியுமுன்னரே, மார்பீன் போன்ற நெடுநேரம் நிற்கும் மருந்தைத் தொடங்கியாக வேண்டும். விரைந்து நீங்குவதே ஒரு நோயாளிக்கு நன்மை. தங்கி நிற்பதே மற்றொருவருக்கு நன்மை. நோயாளியின் வயது, உறுப்புகளின் நிலை, அறுவையின் நீளம், அதன்பின் செயற்கைச் சுவாசம் தேவைப்படுமா என்பவற்றை எல்லாம் நோக்கியே மருத்துவர் தெரிவு செய்கிறார்.

இந்நான்கிற்கும் பொதுவான ஆபத்து ஒன்று உண்டு: அவை மூச்சை மெலிவிக்கும். அதனால்தான் அறுவைக்குப் பின்னும் தாதியர் இமை கொட்டாமல் கண்காணிக்கின்றனர். அளவு மீறினால் முறிக்க நலாக்சோன் என்னும் மாற்று மருந்தும் உண்டு.

அடிமைத்தனம் பற்றிய அச்சம்

அமெரிக்காவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 70,000-க்கும் மேற்பட்டோர் ஃபென்டனில் போன்ற செயற்கை அபின் மருந்துகளால் மாண்டனர். அவற்றில் பெரும்பகுதி களவாகச் செய்து தெருவில் விற்கப்பட்டது. அறுவைக் கூடத்தில் மருத்துவர் அளந்து கொடுப்பதை இதனோடு ஒப்பிடலாகாது. எனினும் வீடு திரும்பியபின், நோவு தணிந்த பிறகும் அம்மாத்திரைகளை நீட்டித்துக்கொண்டே போவது தவறு. மருத்துவர் குறித்த நாளோடு நிறுத்திவிடுங்கள். எஞ்சியதைப் பிறருக்குக் கொடுக்காதீர்கள்.

திருச்சபை சொல்வது யாது?

பெரியவரின் மற்றொரு கேள்விக்குத் திருச்சபை முன்னரே விடை பகர்ந்துள்ளது. இத்தாலிய மயக்க மருந்து நிபுணர்கள் எழுப்பிய மூன்று கேள்விகளுக்குத் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1957 பெப்ரவரி 24-ஆம் நாள் மறுமொழி கூறினார். நோவை விசுவாசத்தோடு ஏற்பது புண்ணியமே. ஆனால் நோவு நீக்கும் மருந்தை மறுக்க வேண்டும் என்னும் பொதுக் கடமை எவருக்கும் இல்லை. தக்க காரணம் இருப்பின், நினைவை அகற்றும் மருந்தையும் ஏற்கலாம். சாகுந் தறுவாயில் இருப்பவர்க்கும், வேறு வழி இல்லாதபோது, அவருடைய ஆன்மீகக் கடமைகளுக்கு இடையூறு நேராதவாறு இம்மருந்துகளை அளிக்கலாம் என்பதே அம்மறுமொழியின் சாரம். வெள்ளைப்போளம் கலந்த இரசத்தை ஆண்டவர் சிலுவையடியில் மறுத்தார் என்பது உண்மையே. ஆனால் நோயாளிகள் அவரிடம் வந்தபோது, பொறுத்துக்கொள் என்று அவர் திருப்பி அனுப்பவில்லை, குணமாக்கியே அனுப்பினார்.

மறைக்கலாகாத உண்மைகள்

நாள்தோறும் குடிப்பவர், உறக்க மாத்திரை உண்பவர், நெடுநாளாக வலி மாத்திரைக்குப் பழகியவர், குறட்டையின் நடுவே மூச்சு நின்று எழுபவர், ஈரல் அல்லது சிறுநீரக நோய் உடையவர் – இவர்களுக்கெல்லாம் மருந்தின் அளவும் மாறும், ஆபத்தும் மாறும். திடீரெனக் குடி நின்றால், அறுவைக்குப் பின் நடுக்கமும் சித்தப்பிரமையும் தோன்றி உயிருக்கே உலை வைக்கலாம். மயக்க மருந்து நிபுணர் கேட்கும் கேள்விகள் நம்மை நாணச் செய்வதற்காக அல்ல. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மறைப்பது ஆன்மாவுக்குக் கேடு. அவரிடம் மறைப்பது உடலுக்குக் கேடு.

அன்றிரவு மீண்டும் பெரியவரிடம் சென்று இவற்றை எடுத்துரைத்தேன். நெடுநேரம் மௌனமாயிருந்தார். பின்னர் தாமே டாக்டரை அழைத்துவரச் சொல்லி, மனைவியின் முன்னிலையில் எல்லாவற்றையும் கூறினார். அறுவைச் சிகிச்சை சில நாட்கள் தள்ளிவைக்கப்பட்டது. மகன் முகம் சுளித்தான். மனைவியோ பெருமூச்சு விட்டார்.

இரு வாரம் கழித்து அவரைக் காணச் சென்றேன். “வலி இருந்தது சுவாமி. ஆனால் செபம் சொல்லும் அளவுக்குத் தாங்க முடிந்தது” என்றார். தாங்க முடியாத நோவில் செபமும் வாராது. அதைத் தாங்கும் அளவுக்குத் தணிக்கின்ற கைகளையும் இறைவன் தந்திருக்கிறார். அக்கைகளுக்கு நாம் செய்ய வேண்டிய உதவி ஒன்றே: உண்மையைச் சொல்லுதல்.